உலைக்குள் போன நஞ்சு எங்கே போகிறது?

ஒரு தாமிர உருக்காலைக்கு நாளொன்றுக்கு 3,000 டன் அடர்தாது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஆலைகளுக்கு இது வழக்கமான அளவுதான். அந்தத் தாதுவில் நூற்றுக்கு 0.2 பங்கு ஆர்சனிக் கலந்திருந்தால், தினமும் 6 டன் ஆர்சனிக் உலைக்குள் போகிறது. ஆண்டுக்கு 300 நாள் உலை எரிந்தால் 1,800 டன். அதே ஆலையிலிருந்து வெளியேறும் தாமிரத் தகட்டின் தூய்மை 99.99 விழுக்காடு. அதில் ஆர்சனிக் பத்து லட்சத்தில் ஐந்து பங்கைத் தாண்டினாலே உலகச் சந்தையில் உயர்தரமாக ஏற்கமாட்டார்கள். அப்படியானால் அந்த 1,800 டன் எங்கே போயிற்று?

ஆர்சனிக் ஒரு தனிமம். பூச்சிமருந்தைப் போலவோ பிளாஸ்டிக்கைப் போலவோ சூட்டில் சிதைந்து வேறொன்றாகிவிடாது. ஆக்சிஜனோடு சேரும், கந்தகத்தோடு சேரும், ஆவியாகும், தூசியாகப் படியும், நீரில் கரையும், ஆனால் அழியாது. காட்மியம், ஈயம், பாதரசம், ஆண்டிமனி, பிஸ்மத், செலினியம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். உள்ளே போன ஒவ்வொரு கிலோவும் எங்கேனும் இருந்தே தீர வேண்டும்.

உருக்காலைகள் தாமிரத்துக்கும் தங்கத்துக்கும் மிக நுணுக்கமாகக் கணக்கு எழுதுகின்றன. தங்கத்தில் சில கிராம் குறைந்தாலும் தாது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் வழக்கு வரும். நஞ்சுக்கு அப்படியொரு கணக்கை உலகின் பெரும்பகுதி இன்றும் கட்டாயமாகக் கேட்பதில்லை. நூறாண்டுக்கும் மேலான ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்தால் அவை சொல்வது ஒன்றுதான்: நஞ்சின் நிறைக் கணக்கு முழுமையாகத் தெரியாத ஆலையில் எது தூய்மை, எது இடமாற்றம் என்று யாராலும் சொல்ல முடியாது.

தாதுவோடு வருவது

தாமிரத்தின் முதன்மைத் தாது சால்கோபைரைட். தாமிரமும் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. அதனோடு பாறையிலேயே கலந்து கிடப்பவை எனார்கைட், டென்னண்டைட் போன்ற ஆர்சனிக் கனிமங்கள். இவற்றிலும் தாமிரம் இருப்பதால், நுரை மிதப்பு முறையில் தாதுவைச் செறிவாக்கும்போது இவையும் தாமிரத்தோடு சேர்ந்தே மிதந்து வந்துவிடுகின்றன. துத்தநாகக் கனிமமான ஸ்பேலரைட்டுடன் காட்மியமும், கலீனாவுடன் ஈயமும் தொற்றிக்கொண்டு வருகின்றன. செறிவாக்கிய அடர்தாதுவில் தாமிரம் 25 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும். மற்றவை பத்து லட்சத்தில் சில பங்கிலிருந்து நூற்றுக்குச் சில பங்கு வரை, சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுபடும்.

நல்ல தாதுப் படுகைகள் தீரத் தீர, ஆர்சனிக் மிகுந்த படுகைகளை நோக்கிச் சுரங்கங்கள் போகின்றன. ஆகவே இக்கேள்வியின் கனம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறது. அடர்தாதுவில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் சீனா இறக்குமதி செய்ய அனுமதிப்பதில்லை. அதற்கு வணிகர்கள் கண்ட வழி, ஆர்சனிக் மிகுந்த தாதுவைத் தூய தாதுவோடு கலந்து வரம்புக்குள் கொண்டுவருவது. கலப்பதால் விழுக்காடு குறையும். மொத்த எடை ஒரு கிலோகூடக் குறையாது. இன்னொரு வழி, ஏற்றுக்கொள்ளும் ஆலையைத் தேடிக் கடல் கடந்து அனுப்புவது. பல்கேரியாவின் செலோபெச் சுரங்கத்திலிருந்து ஆர்சனிக் மிகுந்த அடர்தாது நீண்ட காலம் நமீபியாவின் சுமெப் உருக்காலைக்குப் போயிற்று. ஐரோப்பிய மலைக்குள் கிடந்த நஞ்சு ஆப்பிரிக்க ஊர் ஒன்றின் பொறுப்பாயிற்று. ஆகவே நிறைக் கணக்கின் முதல் வரி உலையின் வாசலில் தொடங்குவதில்லை. கப்பலில் ஏறும் தாதுவின் ஆய்வுச் சான்றிதழில் தொடங்குகிறது.

உலைக்குள் பிரியும் பாதைகள்

உருக்கும் உலையின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல். அந்தச் சூட்டில் ஒவ்வொரு தனிமமும் தன் இயல்புக்கேற்ற வழியைத் தேடிக்கொள்கிறது. வழிகள் மூன்று: மேலே புகை, நடுவே கசடு, அடியில் மேட் எனப்படும் தாமிரக் கந்தகக் குழம்பு.

ஆவியாகும் வெப்பநிலையைப் பார்த்தாலே பாதி கதை விளங்கும். பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கிறது. ஆகவே ஏறத்தாழ முழுவதும் புகையோடு போகிறது. காட்மியம் 767 டிகிரி, துத்தநாகம் 907 டிகிரி. ஈயம் உலோகமாகக் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் அதன் சல்பைடும் ஆக்சைடும் அதற்கு வெகு முன்பே ஆவியாவதால் ஈயம் புகைக்கும் கசடுக்குமாகப் பங்கு பிரிந்துகொள்கிறது. ஆர்சனிக் சுமார் 615 டிகிரியில் உருகாமலே ஆவியாகிறது. சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்திருக்கும் அதன் ஆக்சைடோ இன்னும் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடும்.

கொதிநிலை மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஆர்சனிக்குக்கு உருகிய தாமிரத்தின் மீது பற்று அதிகம். மேட்டில் தாமிரத்தின் பங்கு கூடக் கூட, ஆர்சனிக் அதிலேயே தங்கும் போக்கும் கூடுகிறது. உலைக்குள் ஊதும் காற்றில் ஆக்சிஜனைச் செறிவாக்கினால் புகையின் கன அளவு குறையும்; புகை குறைந்தால் அது சுமந்துசெல்லும் ஆவியும் குறையும். 1949இல் பின்லாந்தின் ஹர்யவல்டாவில் அவுட்டோகும்பு நிறுவனம் தொடங்கிய மின்னல் உருக்கு முறையும், ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசாவில் பிறந்த ஐசாஸ்மெல்ட் முறையும் ஒரே தாதுவைக் கொடுத்தாலும் ஆர்சனிக்கை வெவ்வேறு விகிதத்தில் பிரிக்கும். ஓர் ஆலையில் எடுத்த அளவுகளை வைத்து வேறோர் ஆலைக்குச் சான்று தர முடியாததன் காரணம் இதுதான்.

மேட் அடுத்து மாற்றி உலைக்குப் போகிறது. இரும்பும் கந்தகமும் நீங்கிக் கொப்புளத் தாமிரமாகிறது. அதை ஆனோடுகளாக வார்த்து மின்னாற்பகுப்புத் தொட்டியில் தொங்கவிடுகிறார்கள். செலினியமும் டெல்லூரியமும் வெள்ளி, தங்கத்தோடு சேர்ந்து தொட்டியின் அடியில் ஆனோடு மண்ணாகப் படிகின்றன. ஆர்சனிக்கின் ஒரு பகுதியும் நிக்கலும் கரைசலில் சேர்ந்துகொண்டே போகின்றன. கரைசல் அழுக்கேறாமலிருக்க அதில் ஒரு பங்கை அவ்வப்போது வெளியே எடுத்துச் சுத்திகரிக்க வேண்டும். அப்போது தாமிரத்தைக் கடைசித் துளி வரை பிரித்தெடுக்க முயன்றால் ஆர்சைன் என்னும் வாயு உருவாகலாம். நிறமற்ற அந்த வாயு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ஆளைக் கொல்லக்கூடியது. புகைபோக்கியிலிருந்து வெகு தூரத்தில், தூய்மையாகத் தோன்றும் கூடத்தில்தான் இந்த ஆபத்து காத்திருக்கிறது.

புகையின் நீண்ட பயணம்

உலையிலிருந்து கிளம்பும் புகை முதலில் கழிவுவெப்பக் கொதிகலனில் குளிர்ந்து, 350 டிகிரி அளவில் மின்புலத் தூசிப் பிடிப்பானுக்குள் போகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பகுதி அங்கே சிக்கிவிடும். ஈயம், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றில் கணிசமான பங்கு இங்கேயே தூசியாக இறங்குகிறது. ஆனால் அந்த வெப்பத்தில் ஆர்சனிக் ஆக்சைடில் ஒரு பங்கு இன்னும் ஆவியாகவே இருப்பதால், பிடிப்பானைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு கருவி தூசியை 99 விழுக்காடு பிடிக்கிறது என்று சொன்னால், ஆர்சனிக்கையும் 99 விழுக்காடு பிடிக்கிறது என்று பொருளாகாது. இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்பட்ட சூழல் அறிக்கைகள் படிப்பவரைத் தவறான நிம்மதிக்குக் கொண்டுசெல்கின்றன.

அடுத்து நீரால் கழுவும் கோபுரங்கள். புகை இங்கே நன்கு குளிர்கிறது. ஆர்சனிக் உறைந்து நீரில் இறங்குகிறது. ஆலையின் மிக நச்சான நீர் இதுதான். சல்பூரிக் அமிலமும் ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் கலந்த இதை ஆலைக்காரர்கள் மென்அமிலம் என்பார்கள். கழுவிய வாயுவில் எஞ்சியிருக்கும் பாதரசத்தை மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் செலுத்திக் கலோமெலாகப் பிடிப்பது போலிடன்–நோர்சிங்க் முறை. இந்தக் கட்டம் இல்லாத ஆலையில் பாதரசம் விற்பனைக்குப் போகும் சல்பூரிக் அமிலத்திலேயே போய்ச் சேரலாம். அந்த அமிலம் உரத் தொழிற்சாலைக்குப் போகிறது. ஆகவே அமில லாரியும் நிறைக் கணக்கில் ஒரு வரி.

கணக்கு நேராகாத இடங்கள்

உள்ளே வரும் ஒவ்வொரு பொருளின் எடையையும் அதிலுள்ள நஞ்சின் செறிவையும் பெருக்கிக் கூட்டு. வெளியேறும் ஒவ்வொன்றுக்கும் அதையே செய். இரண்டும் சமமாக வேண்டும். சொல்ல இவ்வளவு எளிதான இந்த வேலை ஆலைத் தளத்தில் ஏன் இவ்வளவு சிரமப்படுத்துகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் சிக்கல் சுழற்சி. கொதிகலனிலும் பிடிப்பானிலும் சேரும் தூசியில் தாமிரம் இருப்பதால் அதைத் திரும்பவும் உலையில் போடுகிறார்கள். அந்தத் தூசியோடு ஆர்சனிக்கும் உலைக்குத் திரும்புகிறது. நாளாக ஆக, ஆலைக்குள்ளேயே சுற்றிவரும் ஆர்சனிக்கின் அளவு புதிதாக வரும் ஆர்சனிக்கைவிட அதிகமாகிவிடக்கூடும். இரண்டாவது, தேக்கம். புகைக்குழாய்ச் சுவர்களில் படியும் ஓடுகளிலும் தொட்டிகளின் அடியிலும் மாதக்கணக்கில் நஞ்சு தங்கிக் கிடக்கும். ஒரு வாரக் கணக்கு எடுத்தால் காணாமற்போனது போலத் தோன்றும்; பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்யும் வாரத்தில் ஒரேயடியாக வெளிப்படும். அப்போது அந்த வேலையில் இறங்குவது பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

மூன்றாவது சிக்கல்தான் மிக முக்கியமானது. நம் எடுத்துக்காட்டு ஆலைக்கே திரும்புவோம். தினம் 6 டன் ஆர்சனிக் வருகிறது. தாதுக் குவியலில் மாதிரி எடுப்பதிலும் ஆய்வகத்திலும் சேர்ந்து 5 விழுக்காடு பிழை இருந்தால், அந்தப் பிழை மட்டுமே 300 கிலோ. புகைபோக்கி வழியாகவும் கூரை இடுக்குகள் வழியாகவும் போவது நாளுக்கு 10 அல்லது 20 கிலோவாக இருக்கலாம். வந்ததிலிருந்து பிடித்ததைக் கழித்து, மீதி வெளியே போயிற்று என்று எழுதினால் அந்த விடைக்குப் பொருளே இல்லை. பிழையின் அளவு விடையைவிடப் பல மடங்கு பெரிது. கணக்கு 98 விழுக்காடு நேராகிவிட்டது என்று ஆலை பெருமையாகச் சொல்லலாம். விடுபட்ட இரண்டு விழுக்காடு தினம் 120 கிலோ. ஊருக்கு வேண்டிய விடை அந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது.

ஆகவே இரண்டும் வேண்டும். பெரும்பகுதி எங்கே போகிறது என்பதற்கு நிறைக் கணக்கு. காற்றில் போகும் சிறுபகுதிக்கு நேரடி அளவீடு. புகைபோக்கியில் மாதிரி எடுக்கும் குழாய்க்குள் வாயு நுழையும் வேகமும் புகையின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் நுண்துகளோ பெருந்துகளோ அளவுக்கு மீறிச் சேர்ந்து முடிவைக் கெடுத்துவிடும். வெறும் வடிதாளை மட்டும் வைத்தால் ஆவியாக உள்ள ஆர்சனிக் அதன் வழியே போய்விடும். பின்னால் கரைசல் புட்டிகளும் வேண்டும். புகைபோக்கியைக் காட்டிலும் கவனிக்கப்படாதது கூரை. மாற்றி உலையைச் சாய்த்து மேட்டை ஊற்றும்போதும் கசடு வடிக்கும்போதும் கிளம்பும் புகை, மூடிகளுக்குத் தப்பிக் கூரை வழியே வெளியேறுகிறது. உயரமான புகைபோக்கியின் புகை பரந்து நீர்த்துப்போகும். கூரைப் புகையோ தாழ்வாகப் போய்ப் பக்கத்துத் தெருவில் இறங்கும். எடையில் குறைவானாலும் சுவாசத்தில் அதிகம் சேர்வது இதுவே.

அனகோண்டா: முதல் முழுக் கணக்கு

இந்தத் துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடந்தது. 1902இல் அங்கே அனகோண்டா நிறுவனத்தின் வாஷோ உருக்காலை தொடங்கியது. சில மாதங்களிலேயே டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கில் குதிரைகளும் மாடுகளும் செத்து விழுந்தன. நிறுவனம் நட்டஈடு கொடுத்தது. நீண்ட புகைக்குழாய்களையும் மலைமேல் 300 அடிப் புகைபோக்கியையும் கட்டியது. சாவு நிற்கவில்லை. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வில்லியம் ஹார்கின்ஸ், ராபர்ட் ஸ்வெயின் என்னும் இரு வேதியியலாளர்கள் அந்தப் புகையை அளந்தார்கள். 1907இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, நாளொன்றுக்கு 59,270 பவுண்டு ஆர்சனிக் ட்ரைஆக்சைடு புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருந்தது. ஏறத்தாழ 27 டன் வெள்ளைப் பாஷாணம், ஒரே நாளில்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் பெருமை. அடுத்து புகை படிந்த செடிகொடிகளில் உள்ள ஆர்சனிக்கை அளந்தார்கள். அதற்கடுத்து அந்தப் புல்லை மேய்ந்த விலங்குகளின் நாட்பட்ட நச்சேற்றத்தை ஆராய்ந்தார்கள். உலையிலிருந்து புகைக்கு, புகையிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து கால்நடைக்கு என ஒரு நஞ்சை அடி அடியாகப் பின்தொடர்ந்த முறை இன்றும் நமக்கு வழிகாட்டி. ஆனாலும் 1909இல் தீர்ப்பு விவசாயிகளுக்கு எதிராகவே வந்தது. கணக்கு சரியாக இருந்தது. அதற்கு மதிப்பளிக்கும் சட்டம் அப்போது இல்லை.

மனிதர்களின் கணக்கு இன்னும் தாமதமாக வந்தது. 1969இல் லீ, ஃப்ரோமெனி என்னும் ஆய்வாளர்கள் மொன்டானா உருக்காலைத் தொழிலாளர் 8,047 பேரின் பதிவுகளைப் பின்தொடர்ந்து, சுவாச உறுப்புப் புற்றுநோயால் இறந்தோர் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு என்று காட்டினார்கள். ஆர்சனிக்கில் நெடுநாள் உழைத்தவர்களிடம் இது எட்டு மடங்கு வரை இருந்தது. 1980இல் ஆலை மூடப்பட்டது. 585 அடி உயரத்தில் பின்னாளில் கட்டிய புகைபோக்கி இன்றும் நிற்கிறது. சுற்றுப்புறம் 1983 முதல் அமெரிக்காவின் நச்சுநிலச் சீரமைப்புப் பட்டியலில் இருக்கிறது.

பிடித்த நஞ்சை வைக்கும் இடம்

ஃபிரெடெரிக் காட்ரெல் இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் உருவாக்கிய மின்புலத் தூசிப் பிடிப்பான் உருக்காலைகளின் போக்கையே மாற்றியது. காற்றில் போனது தூசியாகக் கையில் வந்தது. வந்ததை என்ன செய்வது? விற்றார்கள். அனகோண்டாவும், வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா உருக்காலையும் பிடித்த ஆர்சனிக், பருத்திக் காட்டுப் பூச்சிமருந்தாகவும் களைக்கொல்லியாகவும் மரம் பதப்படுத்தும் மருந்தாகவும் நாடெங்கும் போயிற்று. ஒரு பள்ளத்தாக்கில் விழ வேண்டிய நஞ்சு ஆயிரக்கணக்கான வயல்களில் விழுந்தது. ஆலையின் வாசலோடு கணக்கை முடித்துக்கொண்டால் இது தூய்மையாகத் தெரியும்.

விற்க முடியாத இடத்தில் சேமித்தார்கள். கனடாவின் யெல்லோநைஃப் நகரருகே ஜயன்ட் தங்கச் சுரங்கம் ஆர்சனோபைரைட் தாதுவை வறுத்துத் தங்கம் எடுத்தது. 1949இல் வறுக்கத் தொடங்கியபோது தடுப்பு எதுவும் இல்லை. தினம் 7 டன்னுக்கு மேல் ஆர்சனிக் ட்ரைஆக்சைடு காற்றில் போயிற்று. 1951இல், நச்சேறிய பனியை உருக்கிக் குடித்த டெனே பழங்குடிக் குழந்தை ஒன்று இறந்தது. அதன்பின் தூசியைப் பிடித்து நிலத்தடி அறைகளில் ஊதி நிரப்பினார்கள். இன்று அங்கே கிடப்பது 2,37,000 டன். நீரில் கரையக்கூடிய தூள் அது. பக்கத்திலேயே கிரேட் ஸ்லேவ் ஏரி. நிலத்தடி நீர் தொடாமலிருக்க அந்த அறைகளைச் சுற்றியுள்ள பாறையை உறைய வைத்து, காலம் முழுதும் உறைநிலையிலேயே காக்க வேண்டியிருக்கிறது. 2022இல் சீரமைப்புச் செலவை 438 கோடி கனடா டாலர் என மதிப்பிட்டார்கள். சுரங்க உரிமையாளர் நொடித்துப்போனதால் சுமை பொதுப் பணத்தின் மீது விழுந்தது. வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கதவிடுக்கில் தள்ளியது போன்ற காரியம். கதவிடுக்குக்கு இப்போது காவல் போட வேண்டும்.

இன்றைய ஆலைகள் மென்அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கி, ஆர்சனிக்கைக் கால்சியம் ஆர்சனேட்டாகப் படிய வைக்கின்றன. மலிவான வழி. ஆனால் திறந்த குவியலில் காற்றிலுள்ள கரியமில வாயு அதோடு வினைபுரிந்து சுண்ணாம்பைக் கார்பனேட்டாக்க, ஆர்சனிக் மீண்டும் நீரில் விடுபடுகிறது. மழை பெய்யும் ஊரில் இது பாதுகாப்பான முடிவாகாது. இதைவிடப் பன்மடங்கு நிலையானது இரும்போடு சேர்ந்த ஸ்கோரோடைட் என்னும் படிகம். இயற்கையிலும் கிடைக்கும் கனிமம் இது. சிலியில் கோடெல்கோவின் துணை நிறுவனம் உருக்காலைத் தூசியிலிருந்து தாமிரத்தை மீட்டு, எஞ்சிய ஆர்சனிக்கை ஸ்கோரோடைட்டாக மாற்றுகிறது. செலவு கூடுதல்தான், பேரன் பேத்திகளிடம் மறைவாகத் தள்ளிவிடும் செலவை இப்போதே கொடுப்பது அது.

கசடைப் பற்றியும் ஒரு சொல். உருகிக் கண்ணாடி போல் உறைந்த கசடுக்குள் பூட்டிய ஆர்சனிக் எளிதில் வெளியேறாது என்பது பொதுவாக உண்மை. அந்த உண்மை கசடின் வேதிச் சேர்க்கை, குளிர்ந்த வேகம், கிடக்கும் இடத்தின் நீர் ஆகியவற்றைப் பொறுத்தது. கனடாவின் டிரெய்ல் ஈய–துத்தநாக ஆலை 1930 முதல் 1995 வரை கசடைக் கொலம்பியா ஆற்றில் கொட்டியது. அது எல்லை தாண்டி அமெரிக்கப் பகுதியில் படிந்து உலோகங்களை விடுவித்ததற்கு நிறுவனமே பொறுப்பு என 2012இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்பான கசடு என்று ஒன்று தனியாக இல்லை. பாதுகாப்பான இடத்தில் வைத்த கசடு உண்டு.

மதிலுக்கு வெளியே

ஆலைக்குள் கணக்கு மறைந்தாலும் மண் அதை எழுதி வைத்திருக்கிறது. ஈயத்தைப் பின்தொடர்வது எளிது. யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஈயமாவதால், ஒவ்வொரு சுரங்கத்தின் ஈயத்துக்கும் அதன் வயதுக்கேற்ற ஐசோடோப்பு விகிதம் உண்டு. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் ஈயம் மிகத் தொன்மையானதால் அதன் விகிதம் எளிதில் அடையாளம் காணக்கூடியது. அண்டார்டிகாவின் பனித்தூண்களை ஆராய்ந்த ஜோசப் மெக்கானல் குழுவினர் 2014இல் வெளியிட்ட முடிவின்படி, போர்ட் பிரீயில் உருக்கிய புரோக்கன் ஹில் ஈயம் 1889 அளவிலேயே அங்கே படிந்துவிட்டது. அமுண்ட்சன் தென்துருவத்தில் கால் வைத்தது 1911இல். மனிதனுக்கு முன்பே உருக்காலைப் புகை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஆர்சனிக்குக்கு இந்த வசதி இல்லை. அதற்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்று. ஆகவே அது பாறையிலிருந்து இயல்பாக வந்ததா, புகையிலிருந்து வந்ததா என்ற வாதம் வழக்குகளில் தீராமல் இழுக்கும். அதற்கு விடை தேட வேறு வழிகள் உண்டு: மண்ணில் ஆழம் போகப் போக அளவு எப்படிக் குறைகிறது, ஆலையிலிருந்து தூரம் கூடக் கூட எப்படிக் குறைகிறது, ஆண்டிமனி போன்ற துணைத் தனிமங்களுடன் விகிதம் என்ன, துகள் எந்த வேதிவடிவில் இருக்கிறது. யெல்லோநைஃப் மண்ணில் பல பத்தாண்டு கழிந்த பின்னும் வறுத்தலில் உண்டான ஆர்சனிக் ட்ரைஆக்சைடு துகள்களை நுண்ணோக்கியில் கண்டிருக்கிறார்கள். இயற்கைப் பாறையிலிருந்து அந்த வடிவில் அது வந்திருக்க முடியாது.

உடலும் ஒரு பதிவேடு. 1974இல் மில்ஹாம், ஸ்ட்ராங் ஆகிய இருவரும் டகோமா உருக்காலையைச் சுற்றிலும் ஆய்வு செய்தார்கள். குழந்தைகளின் சிறுநீரிலும், வீடுகளில் தூசி உறிஞ்சும் கருவியின் பையில் சேர்ந்த தூசியிலும் ஆர்சனிக்கை அளந்தார்கள். புகைபோக்கியிலிருந்து விலக விலக இரண்டும் குறைந்தன. நஞ்சு கடைசியாக வந்து சேரும் இடம் தரையில் தவழும் குழந்தையின் கை என்பதை அந்தப் பை சொல்லிவிட்டது. கனடாவின் ரூயன்–நொராண்டாவில் 1927 முதல் இயங்கும் ஹோர்ன் உருக்காலைக்கு அருகில் வசிக்கும் குழந்தைகளின் நகங்களில், ஒப்பீட்டுக் குழுவைவிடச் சராசரியாகச் சுமார் நான்கு மடங்கு ஆர்சனிக் இருப்பதாகப் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வு காட்டியது. காற்றிலுள்ள ஆர்சனிக்குக்குக் கியூபெக் மாகாணத்தின் வரம்பு கனமீட்டருக்கு 3 நானோகிராம்; அந்த ஆலைக்கு மட்டும் 100 நானோகிராம் வரை அனுமதித்திருந்தார்கள். 2022இல் இது பெரும் மக்கள் பிரச்சினையானது.

தூத்துக்குடி கேட்ட கேள்வி

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி புத்தகத்துக்குள் இருப்பதல்ல. தூத்துக்குடி தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதம் காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆலை மூடப்பட்டது, 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத் திறக்க மறுத்துவிட்டன. அந்த வழக்கின் வேரில் உள்ள ஓர் ஆவணத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 2018 ஏப்ரலில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையின் இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்கள் ஐந்து. நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளைத் தரவில்லை; உப்பாறு கரையோரம் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை; அபாயகரக் கழிவுக்கான அனுமதி இல்லை; காற்றில் ஆர்சனிக் போன்ற கன உலோகங்களை அளக்கவில்லை; ஜிப்சம் குட்டையை விதிப்படி அமைக்கவில்லை.

இந்த ஐந்தையும் நிறைக் கணக்கின் கண்ணோடு படித்தால், நீர், கசடு, கழிவு, காற்று, ஜிப்சம் என நஞ்சு வெளியேறக்கூடிய பாதைகளின் பட்டியல் போலவே இருக்கிறது. நிறுவனம் இவற்றை மறுத்து வாதாடியது; நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, எவ்வளவு நஞ்சு உள்ளே வந்தது, எது எங்கே போயிற்று என்று ஒரே தாளில் விடை சொல்லும் கணக்கு அவர்கள் கைக்கு வந்ததில்லை. கணக்கு இருந்திருந்தால் வாதம் எண்களின் மீது நடந்திருக்கும். இல்லாததால் அச்சமும் மறுப்பும் நேருக்கு நேர் மோதின. விலை கொடுத்தவர்கள் எளிய மனிதர்கள்.

என்ன கேட்க வேண்டும்

முன்னுதாரணம் இல்லாத கோரிக்கை எதுவும் இதில் இல்லை. 2013இல் சிலி பிறப்பித்த 28ஆம் எண் ஆணை, பழைய உருக்காலைகள்கூட உள்ளே வரும் கந்தகத்திலும் ஆர்சனிக்கிலும் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும் என்கிறது. நிறைக் கணக்கு மூலமே அதை நிரூபிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தாமிரத்தை நம்பியே வாழும் ஒரு நாடு தன் ஆலைகளிடம் இதைக் கேட்க முடிந்திருக்கிறது. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையும் தாமிரம், ஈயம், துத்தநாகம் உருக்கும் ஆலைகளைக் கட்டுப்படுத்த வேண்டிய மூலங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. இந்தியாவில் 2009இன் காற்றுத்தர விதிகள் ஆர்சனிக்குக்கு ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 6 நானோகிராம் என்று வரம்பு வைத்துள்ளன. ஆனால் காற்று வரம்பு மட்டும் போதாது. காற்றில் குறைந்த நஞ்சு கழிவுக் குவியலில் கூடியிருக்கலாம் என்பதை அனகோண்டாவும் யெல்லோநைஃபும் காட்டிவிட்டன.

மின்சார வாகனங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் தாமிரத் தேவை பெருகுகிறது. குஜராத்தின் முந்த்ராவில் 2024இல் புதிய பெரிய தாமிர ஆலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. இன்னும் வரும். ஒவ்வொன்றிடமும் ஊரும் அரசும் கேட்க வேண்டியவை இவை. கப்பலில் வந்த ஒவ்வொரு தொகுதி அடர்தாதுவிலும் ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் எவ்வளவு? தகடு, கசடு, அமிலம், ஜிப்சம், தூசி, நடுநிலையாக்கிய படிவு, ஆனோடு மண், கழிவுநீர், புகைபோக்கி, கூரை என ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு போயிற்று? கணக்கில் விடுபட்டது எத்தனை கிலோ, எத்தனை விழுக்காடு? விற்ற துணைப்பொருள் யார் கைக்குப் போயிற்று? புதைத்த படிவு எந்த வேதிவடிவில், யார் பொறுப்பில், எத்தனை ஆண்டுக்கு இருக்கும்? இந்த அறிக்கை மாதந்தோறும் தமிழிலோ அந்தந்த ஊரின் மொழியிலோ பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஆலை சாராத ஆய்வகம் மாதிரி எடுக்க வேண்டும். பராமரிப்பு நிறுத்தத்தின்போதும் எடுக்க வேண்டும். தொழிலாளர்களின் சிறுநீர்ப் பரிசோதனையும் பக்கத்துத் தெருக்களின் வீட்டுத்தூசி அளவும் அதே அறிக்கையில் சேர வேண்டும்.

தாமிரம் இல்லாமல் இன்றைய வாழ்க்கை இல்லை. அதை உருக்கும்போது அதனோடு வரும் நஞ்சும் இல்லாமற்போகாது. தங்கத்தின் கிராமுக்குக் கணக்குக் காட்டத் தெரிந்த தொழிலுக்கு ஆர்சனிக்கின் கிலோவுக்குக் கணக்குக் காட்டவும் தெரியும். அதைச் சட்டப்படி கேட்பதும், கொடுக்காத ஆலையின் உலையில் தீ மூட்ட அனுமதி மறுப்பதும் அரசின் கடமை.